கூற்று, கேட்போர், முன்னம்: நாவல் வகுப்பில் கவிதை

நாவல் பாடமாக வந்துவிட்டால், மாணவருள் பலர் அதைப் படிப்பதில்லை. கதைச்சுருக்கத்தையும் பாத்திரப் படைப்பையும் கையேட்டிலிருந்து மனனம் செய்து தேர்வைக் கடந்துவிடுகின்றனர். அவர்களை நூலுக்குள் திருப்பக் கவிதை எழுதச் செய்வது நல்ல வழி. அதற்கான அளவுகோலைத் தொல்காப்பியமே தருகிறது.

செய்யுளியல் கூறும் 34 உறுப்புகளில் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் ஆகிய ஐந்தும் நமக்குப் போதும். பேசுபவர் யார், கேட்பவர் யார், எவ்விடம், எப்பொழுது என்பவை முதல் நான்கு. இச்சொல் இவ்விடத்தில் இன்னார் இன்னார்க்குக் கூறத்தக்கது எனக் குறிப்பால் உணரச் செய்வது முன்னம். பெயர் சுட்டாத அகப்பாடல் மரபு இவற்றின் மேல்தான் நிற்கிறது.

சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) இப்பயிற்சிக்கு மிகப் பொருந்தும். நாவலின் முற்பகுதி பெரிதும் தாமோதர ஆசான் சொன்ன கதைகளாக விரிகிறது. பிற்பகுதியை அவற்றைக் கேட்டு வளர்ந்த இளைஞனே சொல்லிச் செல்கிறான். நடுவில் நிற்கும் மரம் மட்டும் வாய் திறப்பதில்லை. அந்த மரத்தின் கூற்றாகப் பத்து வரி எழுதச் சொல்லலாம். களன் ஒன்றே, காலத்தை மாணவரே தேர்ந்துகொள்ள வேண்டும். குளத்து நீர் சூழ நின்ற காலமா? மன்னர் ஆணையால் குளம் தூர்க்கப்பட்ட காலமா? கடைகளும் நகராட்சியும் தேர்தலும் வந்த காலமா? குளத்தின் காலத்தைத் தேர்ந்தவர் கவிதையில் கடைத்தெருவின் இரைச்சல் கேட்டால் அது பிழை. திருத்த வேண்டுமானால் நாவலைப் புரட்டியே ஆகவேண்டும்.

அடுத்தது முன்னத்தின் சோதனை. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தின் கூற்றைப் பெயர் சொல்லாமல் எழுதுவர். வகுப்பு அதைக் கேட்டு, பேசுபவரையும் கேட்பவரையும் கண்டுரைக்க வேண்டும். எந்தச் சொல்லால் கண்டுகொண்டோம் என்பதையும் காட்ட வேண்டும். அங்கே பாத்திர ஆய்வு தானாகவே நடந்துவிடுகிறது. எந்த மரத்துக்கும் பொருந்தும் புலம்பல், எத்துணை இனிமையாயினும், இந்தச் சோதனையில் தேறாது.

யாப்பைக் கட்டாயமாக்க வேண்டியதில்லை. இந்நாவலாசிரியரே பசுவய்யா என்னும் பெயரில் புதுக்கவிதை எழுதியவர். ஆயினும் கவிதை ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். மன்னராட்சி முதல் மக்களாட்சி வரை நீளும் காலப்பரப்பும், கதையை அடுக்கிய முறையும் ஆசிரியர் விளக்கத்தாலும் வகுப்பு விவாதத்தாலுமே துலங்கும். கவிதை அவ்விவாதத்துக்கு மாணவரை ஆயத்தம் செய்கிறது.

வினாத்தாள் அமைக்கும் தமிழ்ப் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'பாத்திரப் படைப்பை விளக்குக' என்னும் வினாவுக்கு மாற்றாக, 'ஒரு பாத்திரத்தின் கூற்றாகப் பத்து வரி எழுதி, ஒவ்வொரு குறிப்புக்கும் நாவலிலிருந்து சான்று காட்டுக' என்று ஒரு வினாவேனும் கேளுங்கள். மதிப்பெண்ணின் பெரும்பகுதியைச் சான்றுக்கே கொடுங்கள். அந்த வினாவுக்குக் கையேடு விடை தராது.