பிரைவேட் என்று எழுதினால் போதுமா? பிஎச்பி மேஜிக் மெத்தட்களின் கதை

எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ஆலைச் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுகிறது என்று அர்த்தம். தொழிலாளிகள் யாரும் போய் ஊதச் சொல்வதில்லை, நேரம் வந்தால் ஊதும். பிஎச்பி மொழியின் மேஜிக் மெத்தட்களும் அப்படித்தான். இரண்டு அடிக்கோடுகளோடு பெயர் தொடங்கும் இவற்றைப் பெரும்பாலும் புரோகிராமர் நேரடியாக அழைப்பதில்லை. ஆப்ஜெக்ட் உருவாகும்போது __கன்ஸ்ட்ரக்ட், இல்லாத பிராப்பர்ட்டியைக் கேட்கும்போது __கெட், நகல் எடுக்கும்போது __குளோன் என்று மொழியே அழைத்துக்கொள்ளும்.

மொழியே அழைக்கிறது என்றால் பப்ளிக், பிரைவேட் என்ற பேதம் இவற்றுக்கு எதற்கு?

2000-ல் வந்த பிஎச்பி 4-ல் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அதில் எல்லா மெத்தட்டும் எல்லோருக்கும் திறந்த வீடு. 2004 ஜூலையில் பிஎச்பி 5 வந்தபோதுதான் பப்ளிக், புரொடெக்டெட், பிரைவேட் மூன்றும் வந்தன. குழப்பமும் கூடவே வந்தது. __கெட்-டை பிரைவேட் என்று எழுதினாலும் மொழி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. சங்கை மதிலுக்குள் மட்டும் கேட்கும்படி ஊதச் சொன்ன மாதிரி! 2009-ல் வந்த 5.3 இதற்கு ஒரு விதி போட்டது: __கெட், __செட், __இஸ்செட், __அன்செட், __கால் ஐந்தும் பப்ளிக்காகவே இருக்க வேண்டும், ஸ்டேடிக்காக இருக்கக் கூடாது. பப்ளிக் இல்லையென்றால் எச்சரிக்கை வரும்.

__கன்ஸ்ட்ரக்ட், __டிஸ்ட்ரக்ட், __குளோன் மூன்றுக்கு மட்டும் விலக்கு. காரணம், இங்கே பிரைவேட் என்ற சொல்லுக்கு நிஜமாகவே வேலை இருக்கிறது. ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் (டேட்டாபேஸ் இணைப்பு மாதிரி) என்று வைத்துக்கொள்ளும் 'சிங்கிள்டன்' முறையில் கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கிவிடுவார்கள். வெளியிலிருந்து 'நியூ' போட்டால் புரோகிராம் பிழையோடு நின்றுவிடும். (ரூபி மொழியில் இது இன்னும் வேடிக்கை. அங்கே 'இனிஷியலைஸ்' என்று பெயர் வைத்தாலே அது தானாக பிரைவேட் ஆகிவிடும்.)

இதே சிங்கிள்டன்தான் பிறகு பலரை மாட்டிவிட்டது. சேமித்து வைத்த ஆப்ஜெக்டை 'அன்சீரியலைஸ்' செய்து இரண்டாவதாக ஒன்றை உருவாக்கிவிடக் கூடாதே என்று, __வேக்கப் மெத்தட்டையும் பிரைவேட் ஆக்கச் சொல்லிக் கொடுத்த பாடங்கள் ஏராளம். பிஎச்பி 7 வரை மொழி அதைக் கண்டுகொள்ளவில்லை. 2020 நவம்பரில் 8.0 வந்ததும் __வேக்கப், __ஸ்லீப் போன்றவையும் விதிக்குள் வந்தன. பல வருடம் சத்தமில்லாமல் ஓடிய கோடு, வெர்ஷன் மாற்றிய அன்றே எச்சரிக்கை காட்ட ஆரம்பித்தது. இப்போதைய வழி, __வேக்கப்பைப் பப்ளிக்காகவே விட்டுவிட்டு, உள்ளே ஒரு எக்ஸெப்ஷனை வீசுவது.