இறக்கையில் உதைத்த ஓட்டைகள்

போர்க்காலப் புகைப்படம் ஒன்று. விமானத்தின் வலது இறக்கை. என்ஜினுக்குப் பின்னால் துணி எரிந்து, உள்ளிருக்கும் உலோகப் பின்னல் பல்லிளிக்கிறது. அதைவிட்டு விலகி, விமானத்தின் உடற்பகுதியை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகள். அவை தீயால் வந்தவை அல்ல. பறந்துகொண்டிருந்த விமானத்தின் வெளியே இறங்கிய ஒருவர் காலால் உதைத்துப் போட்டவை.

1941 ஜூலை 7, இரவு. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் குண்டு வீசிவிட்டு, ஆறு பேருடன் இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது அந்த வெலிங்டன் விமானம். ஹாலந்தின் ஸாய்டர் ஸீ நீர்ப்பரப்புக்கு மேலே, 13,000 அடி உயரத்தில், மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மன் போர்விமானம் ஒன்று அடியிலிருந்து வந்து சுட்டது. வாலில் இருந்த துப்பாக்கி வீரர் காலில் காயம்பட்டும் திருப்பிச் சுட்டு அதை விழச் செய்தார். ஆனால் வலது என்ஜினருகே பெட்ரோல் குழாய் பிளந்து, இறக்கை பற்றிக்கொண்டது.

வெலிங்டனுக்கு மேல்தோல் துணிதான். பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த உலோகப் பின்னல் கூட்டின்மேல் துணியை இழுத்துப் போர்த்தி, பூச்சு தடவி விறைப்பாக்கியிருப்பார்கள். தோட்டா துளைத்தாலும் கூடு தாங்கும். தீ வந்தால் துணி என்ன செய்யும்?

பக்கச்சுவரைக் கிழித்துத் தீயணைப்பான்களைப் பீய்ச்சினார்கள். ஃபிளாஸ்க்கில் இருந்த காபியைக்கூட ஊற்றிப் பார்த்தார்கள். அணையவில்லை. பாரசூட்டை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார் விமானத் தலைவர் விடோசன்.

துணை விமானி ஜேம்ஸ் வார்டுக்கு வயது 22. நியூசிலாந்தின் வாங்கனூயி ஊர்க்காரர். பள்ளி ஆசிரியராக இருந்து விமானப்படைக்கு வந்தவர். உட்கார மெத்தைபோல் பயன்பட்டுக்கொண்டிருந்த என்ஜின் உறையை எடுத்தார். அந்தக் கேன்வாஸால் தீயை மூடி அணைப்பது அவர் திட்டம். காற்று பிடித்து இழுக்குமென்று பாரசூட் வேண்டாம் என்றார், மற்றவர்கள் விடவில்லை. ரப்பர் படகின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, நட்சத்திரம் பார்க்கும் மேல் துவாரத்தின் வழியே வெளியேறினார். மறுமுனை வழிகாட்டி லாட்டன் கையில்.

துணியை உதைத்துக் கிழித்தார். உள்ளே இருந்த பின்னல் கம்பிகள் ஏணிப்படிகளாயின! மூன்று அடி இறங்கி இறக்கைக்கு, அங்கிருந்து இன்னொரு மூன்று அடி. மொத்தம் ஆறே அடி என்று வாசிக்கையில் எளிதாகத் தெரிகிறது. புரொப்பெல்லர் வீசியடிக்கும் காற்று அவரை இறக்கையிலிருந்து பெயர்த்தெடுக்கப் பார்த்தது. குப்புறப் படுத்தபடியே, துணியில் எரிந்த தீயை உறையால் அமுக்கி அணைத்தார். பெட்ரோல் ஒழுகும் ஓட்டைக்குள் உறையைத் திணித்தார். கையை எடுத்ததும் காற்று பிடுங்கி வெளியே தள்ளியது. மறுபடி முயன்றார். உறை இருட்டோடு போனது.

லாட்டன் கயிற்றை இழுத்துப் பிடிக்க, சோர்ந்துபோய் உள்ளே வந்து சேர்ந்தார் வார்டு. குழாய் முனையில் தீ இன்னும் இருந்தது. ஆனால் அருகே எரிவதற்குத் துணி மிஞ்சவில்லை, தானே அடங்கியது. பிரேக் வேலைசெய்யாத நிலையில் நியூமார்க்கெட்டில் இறங்கி, வேலியில் மோதி நின்றது விமானம். ஆறு பேரும் பிழைத்தார்கள்.

ஆகஸ்ட் 5 அன்று வார்டுக்கு வீரத்துக்கான விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. பிறகு அவரையே தலைவராக்கி ஒரு விமானத்தைக் கொடுத்தார்கள். செப்டம்பர் 15 இரவு, ஹாம்பர்க் வானில் அது சுடப்பட்டுத் தீப்பிடித்தது. வார்டு அந்த ஊரின் ஓல்ஸ்டார்ஃப் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்.