குன்னூர் பாஸ்டர் நிறுவனமும் லண்டன் சிவப்புப் பஸ்ஸும்



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி இப்போது லண்டனில் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். போன வாரம் போனில் பேசினாள். "டீச்சர், 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தால் வாரம் 35 கோடி பவுண்டு மிச்சம், அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாம்னு சிவப்புப் பஸ்ஸில் எழுதி ஓட்டுக் கேட்டாங்க. அந்தக் கணக்கே தப்புன்னு அப்பவே சொன்னாங்க. நம்ம ஊரில் இப்படி ஏதாவது நடந்திருக்கா?" என்று கேட்டாள்.

அப்படியே இல்லை கண்ணு, ஆனால் கிட்டத்தட்ட நடந்திருக்கிறது. அதுவும் சிம்ஸ் பூங்கா பக்கத்திலேயே.

1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனார். அப்போது அதற்கு வைத்தியம் வேண்டுமென்றால் இமயமலைப் பக்கம் கசௌலிக்குப் போக வேண்டும். ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கர் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையில் ஒரு லட்சம் ரூபாய் இங்கே வந்தது. 1907இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் திறந்தது. சிறுவயதில் என்னை நாய் கடித்தபோது தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்டார்கள். அந்த வலி இன்னும் மறக்கவில்லை.

பிறகு அங்கே முத்தடுப்பு ஊசி மருந்தும் தயாரானது. தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி மூன்றுக்கும் உரியது. உங்களில் பலர் கையில் ஏறியது அதுதான்.

2008 ஜனவரியில் குன்னூர், கசௌலி, கிண்டி என்று மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் மத்திய அரசு நிறுத்திவைத்தது. அப்போது சுகாதார அமைச்சர் பா.ம.க.வின் அன்புமணி ராமதாஸ். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் உற்பத்தித் தரம் இல்லை என்பது காரணம். தனியார் கம்பெனிகளுக்கு வழிவிடத்தான் இது என்று இடதுசாரிகள் எதிர்த்தார்கள். அவர்கள் அப்போது அதே ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்துக்கொண்டிருந்தவர்கள்!

ஆசிரியர் அறையில் நானும் கத்தினேன். "வெளிநாட்டுக்காரன் சொன்னால் நம் ஆலையை மூடுவதா?" கைக்குழந்தை வைத்திருந்த சக ஆசிரியை ஒருவர், "பச்சைக் குழந்தைக்குப் போடும் மருந்து டீச்சர், தரம் வேண்டாமா?" என்றார். ஆறு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது யோசித்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. கட்டிடம் பழசுதான். தரம் வேண்டும் என்று சொன்னது வெளியே உள்ள அமைப்பு, சரி. ஆனால் பள்ளிக்கூரை ஒழுகினால் பள்ளியை மூடிவிட்டா கூரை மாற்றுவோம்? பணம் ஒதுக்கிப் புதிய பிரிவைக் கட்டி முடிக்கும்வரை பழையதை ஓட்டியிருக்கலாம். அந்த முடிவு டெல்லியில் எடுத்தது, ஜெனீவாவில் அல்ல. பழியை மட்டும் ஜெனீவா மேல் போடுவது எல்லாக் கட்சிக்கும் வசதி.

முன்னாள் சுகாதாரச் செயலாளர் ஜாவித் சவுத்ரி தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 2010 பிப்ரவரியில், குலாம் நபி ஆசாத் அமைச்சராக இருந்தபோது, உரிமம் திரும்பக் கிடைத்தது. நவீன ஆலைக்குப் பணமும் பிறகு வந்தது.

2025 ஜனவரியில் அமெரிக்காவே அந்த உலக நிறுவனத்தை விட்டு விலகுவதாக ட்ரம்ப் கையெழுத்துப் போட்டபோது, அந்தச் சக ஆசிரியைதான் எனக்கு முதலில் போன் செய்தார். "டீச்சர், உங்க கட்சி ஜெயிச்சிடுச்சு" என்று ஒரே சிரிப்பு.

பாஸ்டரில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் என் வகுப்பில் நிறையப் பேர் இருந்தீர்கள். அந்த இரண்டு வருஷம் வீட்டில் என்ன பேசினார்கள் என்று நினைவிருந்தால் எழுதுங்கள்.