நாலரை அடி நிலம்

சங்ககாலத்தில் தகடூர் என்று பிரசித்தி பெற்று, மைசூர் சுல்தான்களின் ஆட்சியில் பாராமகாலின் ஒரு பகுதியாக இருந்து, 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான தருமபுரியில் இருந்துகொண்டு, டென்னிஸ் இரட்டையர் ஆட்டத்தின் சரித்திரத்தை எழுதப் புகுவது சிலருக்கு விசித்திரமாகத் தோன்றலாம். விம்பிள்டனின் பசும்புல் தரைக்கும், மழையை எதிர்பார்த்துக் கேழ்வரகும் சாமையும் விதைக்கும் எங்கள் சீமைக்கும் சம்பந்தம் என்ன என்று கேட்கலாம். ஆயினும், ஆயுளை வளர்க்கும் அருநெல்லிக் கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்த அதியமானின் ஊர் இது. கைக்கு எட்டிய கீர்த்தியைப் பக்கத்தில் நிற்பவனுக்கு விட்டுக்கொடுப்பதையே வித்தையாகவும் ஜீவனோபாயமாகவும் கொண்டவர்களின் விருத்தாந்தத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் களத்தைப் பார்ப்போம். ஒற்றையர் ஆட்டத்துக்குரிய அகலம் 27 அடி. இரட்டையருக்கு 36 அடி. இரு ஓரங்களிலும் நாலரை அடி நிலம் கூடுகிறது, அவ்வளவே வித்தியாசம். ஆனால் அந்தக் களத்தில் நிகழ்வது வேறொரு கலை. வலையருகே குனிந்து நிற்பவன், இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து விரல்களை விரித்தோ மடக்கியோ ஒரு சைகை காட்டுகிறான். அதைப் படித்துக்கொண்ட கூட்டாளி, எதிரி எந்தப் பக்கமாகத் திருப்பினால் பந்து வலையருகே நிற்பவனின் ராக்கெட்டுக்கு எட்டுமோ அந்த இடம் பார்த்து சர்வீஸ் போடுகிறான். திரும்பி வரும் பந்து தரையைத் தொடுமுன்பே வலைக்காரன் குறுக்கே பாய்ந்து தட்டிவிடுகிறான். கரகோஷம் தட்டினவனுக்கு, அந்த அடியைப் பிறப்பித்ததோ பின்னால் நின்றவன். இந்த நியாயத்தை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ளாதவன் நல்ல இரட்டையர் ஆட்டக்காரனாக முடியாது.

விம்பிள்டன் போட்டி 1877-இல் தொடங்கியது. இரட்டையர் ஆட்டம் அங்கே 1884-இல் சேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம், ஒற்றையரில் பெயர் பெற்றவர்களே இதையும் ஆடினார்கள். இதை மட்டுமே நம்பிப் பிழைக்கலாம் என்ற எண்ணமே எழவில்லை. ஆனாலும் தேசத்தோடு தேசம் மோதும் டேவிஸ் கோப்பையில், ஐந்து ஆட்டங்களுள் நடுவே அமைந்த இரட்டையர் ஆட்டத்துக்குத் தனி மகிமை இருந்தது. தருமபுரி தனி ஜில்லாவான மறு ஆண்டு, 1966 டிசம்பரில், மெல்போர்ன் நகரின் கூயோங் மைதானத்தில் நடந்த இறுதிச் சுற்றில், தந்தை டி.கே. ராமநாதனிடம் ஆட்டம் பயின்ற ராமநாதன் கிருஷ்ணனும் கல்கத்தாவின் ஜெய்தீப் முகர்ஜியும், 1965-இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் வென்ற நியூகோம்ப், ரோச் ஜோடியை, முதல் செட்டை இழந்த பிறகு, அவர்கள் நாட்டிலேயே தோற்கடித்தார்கள். கோப்பை 4-1 என்று ஆஸ்திரேலியாவிடமே தங்கியது. இந்தியாவுக்குக் கிடைத்த அந்த ஒன்று, இருவர் சேர்ந்து ஈட்டியது.

அடுத்து வந்தவர்கள் சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள். 1974-இல் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஐந்து ஆட்டங்களிலும் சேர்ந்து 327 கேம்கள் நடந்த அந்த மகா யுத்தத்தில், விஜய்யும் ஆனந்தும் இரட்டையர் ஆட்டத்தை வென்றார்கள். இந்தியா 3-2 என்று ஜயித்தது. 1976-இல் அவ்விருவரும் விம்பிள்டன் இரட்டையர் அரையிறுதியை எட்டினார்கள். இரட்டையர் ஆட்டத்துக்கெனத் தனித் தரவரிசை ஏற்பட்டதும் அந்த ஆண்டில்தான். 1968-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குப் பெரிய போட்டிகளின் கதவு திறந்திருந்தது. இப்போது இரட்டையருக்கு மதிப்பெண்ணும் வந்தது. தொழில் ஒன்று பிறந்துவிட்டது.

அந்தத் தொழிலின் சிகரத்தை எட்டியவர்களுள் ஒருவர் 1974-இல் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி. மற்றொருவரான லியாண்டர் பயஸ், கல்கத்தாவிலிருந்து வந்து, 1985-இல் சென்னையில் தொடங்கிய பிரிட்டானியா அமிர்தராஜ் பயிற்சித் திட்டத்தில் வளர்ந்தவர். 1997-இல் சென்னையில் பட்டம் வென்ற இந்த ஜோடி, 1999-இல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதியாட்டங்களிலும் நின்று, பாரிஸிலும் விம்பிள்டனிலும் வாகை சூடியது. பூபதி வென்றவை இரட்டையரில் நான்கும் கலப்பு இரட்டையரில் எட்டுமாகப் பன்னிரண்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். 1997-இல் ஜப்பானின் ரிகா ஹிராகியோடு பாரிஸில் பெற்ற முதற்பட்டமே, இந்தியர் ஒருவர் வென்ற முதல் கிராண்ட் ஸ்லாம் பட்டம்.

சிகரத்தின் கீழே சரிவு நீண்டது. பரிசுப் பணம் ஒற்றையரைவிடக் குறைவு. அதையும் இருவர் பங்கிட வேண்டும். போட்டியில் இடம் கிடைப்பது இருவரின் தரவரிசை எண்களைக் கூட்டிப் பார்த்து. கூட்டாளிக்குக் காயம் பட்டால் தனக்கும் பட்டதுபோலத்தான். 2005-இல் ஒற்றையர் ஆட்டக்காரர்களுக்கே முன்னிடம் தரும் விதிகள் வரவிருந்தபோது, இரட்டையர் வீரர்கள் அமெரிக்க நீதிமன்றத்தை நாடித் தங்கள் தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதன் விலையாக ஆட்டம் சுருங்கியது: 2006 முதல் வழக்கமான சுற்றுப்போட்டிகளில் மூன்றாம் செட்டுக்குப் பதில் பத்துப் புள்ளி டை-பிரேக் வந்தது.

அந்தச் சரிவில் பொறுமையாக ஏறியவர்களையே நான் அதிகம் நினைக்கிறேன். ஜீவன் நெடுஞ்செழியன் 2017-இல் ரோஹன் போபண்ணாவோடு சென்னை ஓபன் பட்டத்தை வென்றார். அடுத்த பட்டத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2024 செப்டம்பரில், சீனாவின் ஹாங்ஜோவில், மற்றொரு தமிழரான விஜய் சுந்தர் பிரசாந்தோடு இறுதியாட்டத்தில் இறங்கினார். முதல் செட் போயிற்று, இரண்டாவது செட் டை-பிரேக்கில் வந்தது, கடைசியில் 10-7. அதே ஆண்டு கோயம்புத்தூரின் ஸ்ரீராம் பாலாஜி பாரிஸ் ஒலிம்பிக்கில் போபண்ணாவின் கூட்டாளியாக நின்றார்.

ஒற்றையர் ஆட்டத்தில் ஓரத்து நாலரை அடியில் விழும் பந்து வெளியே போனதாகும். பக்கத்தில் இன்னொருவன் வந்து நின்ற மாத்திரத்தில், அதே மண் களமாகிவிடுகிறது. அங்கே விழும் பந்தும் உள்ளே விழுந்ததாகிறது. இவர்கள் உழுது பிழைத்தது அந்த நிலத்தைத்தான்.