கையில்லாத பிடி அரிசி

திண்டுக்கல்லில் மாலை வேளைகளில் கூடி நூல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எங்கள் சிறு நண்பர் குழுவுக்கு 2008-ஆம் ஆண்டில் புதிதாக ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. இணையத்தில் ஓர் ஆங்கிலச் சொல் விளையாட்டு. ஒரு சொல்லைக் காட்டி, கீழே நான்கு பொருள்களைத் தரும். சரியானதைத் தேர்ந்தால், பசித்தோருக்கு இத்தனை அரிசி மணிகள் வழங்கப்படும் என்று அறிவிக்கும். திரையின் ஓரத்தில் ஒரு மரக் கிண்ணம். அதில் மணிகள் விழுந்து சேர்வதைக் கண்ணால் காணலாம். இலக்கியம் பேச வந்தவர்கள் சொற்பொருள் தேடி அரிசி சேர்ப்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி இருந்தது.

குழுவில் கணினித் துறையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னார். அந்த விளையாட்டைத் தானாகவே ஆடும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறார். இரவு அதை ஓடவிட்டுத் தூங்கப் போனார். விடிந்து பார்த்தால் கிண்ணம் பல முறை நிரம்பியிருந்தது. எங்களில் பாதிப் பேர் கைதட்டினோம். மீதிப் பேருக்கு ஏதோ நெருடியது. ஒருவர் அதை மோசடி என்றே சொல்லிவிட்டார். நண்பர் கோபப்படவில்லை. "ஏமாந்தவர் யார் என்று சொல்லுங்கள்" என்றார். "பசித்தவனுக்கு அரிசி போயிற்று. விளம்பரக்காரனுக்குச் சில காசு போயிற்று. உங்களுக்கு என்ன போயிற்று?"

அன்றிரவு எங்களிடம் விடை இல்லை. விடையின் தொடக்கம் கணினி நூல்களில் அகப்படவில்லை. எங்கள் ஊரிலிருந்து மதுரைச் சாலையில் சில மைல் தொலைவில், சிறுமலையின் அடிவாரத்தில் இருந்தது. அங்கு போகுமுன் விளையாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

ஃப்ரீரைஸ் என்னும் அந்தத் தளத்தை அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த நிரலாளர் ஜான் பிரீன் 2007 அக்டோபர் 7 அன்று தொடங்கினார். கல்லூரி நுழைவுத் தேர்வுக்காகத் தம் மகன் சொற்களைப் படிப்பதற்கு உதவப் போய், அதிலிருந்து பிறந்த யோசனை அது. முதல் நாளில் சேர்ந்தவை 830 மணிகள் மட்டுமே. சில வாரங்களிலேயே கணக்கு கோடிகளில் ஓடத் தொடங்கியது. சரியான விடைக்குப் பத்து மணிகள் என்று தொடங்கி, அவ்வாண்டு இறுதியில் இருபதாகி, பின்னர் மீண்டும் பத்தாகியது. அரிசிக்கான பணம் திரையின் கீழே தோன்றும் விளம்பரங்களிலிருந்து வந்தது. அது ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டத்துக்குச் சென்றது. மியான்மரிலிருந்து வெளியேறி வங்கதேசத்தில் தங்கியிருந்த அகதிகளுக்குத் தொடக்கத்திலேயே அந்த அரிசி சென்று சேர்ந்தது. 2009 மார்ச்சில் பிரீன் தளத்தையே உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைத்தார்.

தானியங்கி நிரலை எழுதியவர் எங்கள் நண்பர் மட்டுமல்லர். உலகின் பல மூலைகளிலும் நிரலாளர்கள் அதைச் செய்தார்கள். வேலை அத்தனை கடினமும் அன்று. தவறான விடை சொன்னால் தளமே சரியான விடையைக் காட்டிவிடும். நிரல் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை ஆதலால், சில மணி நேரத்தில் அதன் குறிப்பேடு நிறைந்துவிடும். பிறகு தவறே இராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராமில் ஏறக்குறைய ஐம்பது அரிசி மணிகள் என்று கொண்டால், ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 400 கிராம் என்பது 20,000 மணிகள். பத்து மணிக் கணக்கில் 2,000 சரியான விடைகள். இரண்டு நொடிக்கு ஒரு விடை சொல்லும் நிரல் இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் 14,400 விடைகள், 1,44,000 மணிகள், எடை மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அதே 2008 செப்டம்பரில் தமிழக நியாயவிலைக் கடைகளில் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. இரவெல்லாம் உழைத்த நிரல் ஈட்டியது எங்கள் ஊர் ரேஷன் கடையில் மூன்று ரூபாய்ச் சரக்கு! ஆனால் ஒரு நிரல் ஆயிரம் நிரலாகலாம்; ஆகவே தொகையின் சிறுமையைச் சொல்லி இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.

இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். சிறு அளவாகச் சேர்த்துப் பெருஞ்செயல் செய்யும் முறைக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: பிடி அரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது. வாரம் ஒருமுறை யாராவது வந்து வாங்கிச் செல்வது. விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு அக்காலத்தில் 'பிடி அரிசிப் பள்ளிக்கூடம்' என்றே பெயர். வீடுதோறும் திரட்டிய பிடி அரிசி அந்தப் பள்ளியைத் தாங்கியது. அங்கு படித்தவர் முதலமைச்சராகி 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தொலைவில் மிசோரமிலும் மிசோப் பெண்கள் 1910 முதல் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென எடுத்து வைத்து வருகிறார்கள்.

இந்தப் பழக்கத்தை மிக ஆழமாகச் சிந்தித்தவர் வினோபா பாவே. 1956-57 ஆண்டுகளில் அவர் தமிழகம் முழுவதும் நடந்தார். அன்று திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. தனி மாவட்டமானது 1985-இல்தான். டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே நிறுவிய காந்திகிராமமும், வத்தலக்குண்டு வட்டாரத்துச் சிற்றூர்களும் சர்வோதய ஊழியர்களின் களங்களாக விளங்கின. வினோபாவோடு நடந்த எஸ். ஜெகந்நாதனும், பட்டிவீரன்பட்டிப் பகுதியில் ஓர் ஏழைத் தலித் குடும்பத்தில் 1926-இல் பிறந்த அவருடைய துணைவியார் கிருஷ்ணம்மாளும் இந்தச் சமவெளியில்தான் தங்கள் பொதுவாழ்வின் பெரும்பகுதியைத் தொடங்கினார்கள்.

1950-களின் பிற்பகுதியில் வினோபா 'சர்வோதயப் பாத்திரம்' என்றொரு திட்டத்தை முன்வைத்தார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாத்திரம். நாள்தோறும் அதில் ஒரு பிடி தானியம். சேர்வது சமாதானப் பணியாளர்களுக்குப் போகும். இதில் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பிடியை வீட்டின் குழந்தைதான் இட வேண்டும்.

தானியம் மட்டுமே நோக்கமாயின் இது விந்தையான நிபந்தனை அல்லவா? தாயின் கை பெரியது. அள்ளினால் கூடுதலாக வரும். ஆண்டுக்கொரு மூட்டை என்று வாங்கிவிட்டால் வசூலிப்பவர்களின் கால்வலியும் மிச்சம். சிறு கையின் சிறு பிடியை வினோபா கேட்டதற்குக் காரணம், தான் உண்ணுமுன் பிறரை நினைக்கும் பழக்கம் அந்தக் கைக்கு ஏற வேண்டும் என்பது. பாத்திரத்தில் விழும் தானியம் ஊழியருக்கு. பிடியை இடும் செயல் குழந்தைக்கு. ஒரே பிடியில் இரண்டு விளைச்சல். பிரீனின் விளையாட்டும் இதே அமைப்பில் இருந்ததைப் பின்னர்தான் கவனித்தோம். அரிசி யாருக்கோ, சொல் ஆடுபவருக்கு. நிரல் ஆடும்போது அந்தச் சொல் யாருக்கும் போய்ச் சேர்வதில்லை.

இந்த இடத்தில் நண்பர் குறுக்கிட்டிருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். பசித்தவனின் சோற்றைவிடக் கொடுப்பவனின் ஆன்மப் பயிற்சி பெரிதோ? வலுவான கேள்வி. கொடுப்பவனின் மனத்தூய்மையைப் பசித்தவன் உண்ண முடியாது. தானாக இயங்கும் கொடையை இழிவென்று நாங்களும் கருதவில்லை. அதற்கும் தென்தமிழகத்தில் நல்ல முன்னோடி உண்டு: மகமை. நாடார் உறவின்முறைகள் வணிகச் சரக்குக்கு இவ்வளவு என்று பிடித்து வைத்த பொதுநிதி அது. அந்தப் பணத்தில் பேட்டைகளும் கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன. ஒவ்வொரு மூட்டைக்கும் வணிகர் நெஞ்சுருகிக் கொடுத்திருக்கத் தேவையில்லை. பிடித்தம் தானாகவே நடந்தது. இன்று வரிப்பணத்தில் நடக்கும் சத்துணவும் அத்தகையதே. இவற்றில் மனிதக் கை இல்லாததால் குறை ஏதும் நேர்ந்துவிடவில்லை.

அப்படியானால் நிரலில் மட்டும் என்ன குறை? மகமையில் பணம் கொடுப்பவருக்குத் தாம் எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெரியும். அவர் ஒப்புக்கொண்ட பிடித்தம் அது. அரிசி விளையாட்டில் பணம் கொடுத்தவர் விளம்பரதாரர். ஒரு மனிதக் கண் தம் விளம்பரத்தின் மீது படுகிறது என்று நம்பியே அவர் கொடுத்தார். இரவு மூன்று மணிக்கு அந்த அறையில் எந்தக் கண்ணும் விழித்திருக்கவில்லை. எங்கள் நண்பர் தம் சட்டைப்பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. இன்னொருவர் பையிலிருந்து, அவர் ஒப்பாத காரணத்துக்கு, எடுத்தார். செல்வரின் பையில் எடுத்து வறியவருக்குக் கொடுக்கும் கள்வனின் கதை எல்லா நாட்டாருக்கும் பிடித்தமானது; எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கள்வன் நாளையும் அதே வழியில் செல்வர் வருவார் என்று எதிர்பார்ப்பதில்லை. இங்கோ, நாளையும் விளம்பரம் வந்தால்தான் நாளைக்கு அரிசி. பார்ப்பவர் எவருமில்லை என்று தெரிந்த விளம்பரதாரர் தங்கமாட்டார். அப்போது இழப்பு யாருக்கு?

எண்ணிக்கை மெய்யை விட்டு நழுவினால் ஒரு பெரும் கொடைக்கே என்ன நேரும் என்பதை அறிய, அதே வினோபாவின் இயக்கத்தைப் பார்த்தால் போதும். 1951 ஏப்ரல் 18 அன்று தெலங்கானாவின் போச்சம்பள்ளியில், நிலமற்ற தலித் குடும்பங்கள் எண்பது ஏக்கர் கேட்டன. ராமச்சந்திர ரெட்டி எழுந்து நூறு ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூமிதானம் அங்கு பிறந்தது. கேட்டவரும் கொடுத்தவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்து நின்ற கொடை அது. பின்னர் நாடெங்கும் நாற்பது லட்சம் ஏக்கருக்கு மேல் கணக்கில் ஏறியது. அதில் பெரும்பகுதி பாறையாகவும் வழக்கில் சிக்கியதாகவும் இருந்தது. பல தாளிலேயே நின்றன. 1960-களில் கிராமதானம் 'தூஃபான்', அதாவது புயல், என்ற வேகத்தில் நடத்தப்பட்டது. கையொப்பங்கள் குவிந்தன. ஊர் போய் ஒன்றியம், ஒன்றியம் போய் மாவட்டம் என்று கணக்கு வளர்ந்து, 1969-இல் பீகார் மாநிலம் முழுவதுமே தானமானதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முசாபர்பூர் மாவட்டத்தின் முஷாஹரி ஒன்றியத்தில் தங்கிப் பணி செய்யச் சென்ற ஜெயப்பிரகாஷ் நாராயண், அந்தத் தானங்கள் பெரும்பாலும் காகிதத்தில்தான் இருப்பதைக் கண்டார். கையொப்பம் இருந்தது, நிலம் கைமாறவில்லை. அந்த ஊழியர்களும் கெட்ட எண்ணத்தோடு அதைச் செய்யவில்லை. எண் வளர்ந்தால் ஏழைக்கு நல்லது என்றே நம்பினார்கள். எங்கள் நண்பர் நம்பியதும் அதுவே.

அதே இயக்கத்தில் வேறு வழியில் சென்றவர்களும் உண்டு. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் 1968-இல் கீழ்வெண்மணிப் படுகொலை நிகழ்ந்த பிறகு கீழத்தஞ்சைக்குச் சென்று அங்கேயே தங்கினார்கள். 1981-இல் லாஃப்டி என்னும் அமைப்பைத் தொடங்கி, நிலவுடைமையாளரிடம் விலை பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற பெண்களின் பெயரில் ஏக்கர் ஏக்கராகப் பத்திரம் பதிவு செய்தார்கள். தூஃபானின் எண்ணோடு ஒப்பிட்டால் அவர்களுடைய எண் மிகச் சிறியது. ஆனால் அந்த எண்ணின் ஒவ்வொரு அலகுக்கும் பின்னே உழுத மண் இருந்தது. ஜெகந்நாதன் 2013-இல் காந்திகிராமத்தில் மறைந்தார்.

நண்பரின் கேள்விக்கு இப்போது எங்களால் விடை சொல்ல முடியும். எங்களுக்குப் போனது நம்பிக்கை. கிண்ணத்தில் ஒரு மணி விழும்போது, எங்கோ ஒருவர் ஒரு கணம் பசியை நினைத்தார் என்று அந்த எண் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அதை நம்பி விளம்பரதாரர் கொடுத்தார். அதை நம்பி நாங்கள் ஆடினோம். நிரல் அரிசியைக் கூட்டியது உண்மை. சாட்சியைப் பொய்யாக்கியதும் உண்மை. அறக்கொடையின் முதல் எப்போதுமே நம்பிக்கைதான். அந்த முதலை எடுத்துச் சோறாக்கினால் ஒருநாள் பசி தீரும். அடுத்த நாள் உலை வைக்க ஒன்றும் மிஞ்சாது.

அவர் நிரலை நிறுத்திவிட்டார். நாங்கள் வென்று நிறுத்தவில்லை, அலுத்துப்போய் நிறுத்தினார். ஆயினும் அவருடைய கேள்விக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். அவரைப் பழித்த நாங்கள், அந்த மூன்று கிலோ அரிசியை எங்கள் காசில் ஒருமுறையாவது வாங்கிக் கொடுத்தோமா என்றால், அன்று இல்லை. திரையில் மணிகள் விழுவதைப் பார்த்தே கொடுத்துவிட்ட நிறைவை அடைந்திருந்தோம். நிரல் கை இல்லாமல் பிடி இட்டது. நாங்கள் பை திறக்காமல் கொடையாளர் ஆனோம். இரண்டில் எது பெரிய ஏமாற்று என்பதை அடுத்த கூட்டத்தில் அவரிடமே கேட்க வேண்டும்.