சீட்டாட்டம் ஒரு பிழைப்பா?

தாம்பரத்தை அடுத்த சேலையூரில் முன்பெல்லாம் பொது இடத்தில் நாலு பேர் பணம் வைத்துச் சீட்டாடினால் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் பாயும். அதே ஆட்கள் தாம்பரத்தில் மின்சார ரயிலேறிச் சென்னை நகருக்குள் போய் ஆடினால் 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். இரண்டிலும் ஓர் ஓட்டை உண்டு: திறமையால் ஆடும் ஆட்டம் குற்றமில்லை. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தது அந்த ஓட்டையில்தான்.

அதைப் பெரிதாக்கியது ஒரு செகந்தராபாத் வழக்கு. அங்கே ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது, எதைக் கழிப்பது என்று தெரிய வேண்டும். ஆகவே ரம்மி பெரும்பாலும் திறமை. மூணு சீட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. நம் ஊர் மங்காத்தாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தாம்பரம் லைனில் சூதாட்டம் என்றால் பலருக்கும் கிண்டி குதிரைப் பந்தயத் திடல்தான் நினைவுக்கு வரும். ரேஸ் புத்தகத்தைப் பென்சிலால் கோடிட்டுப் படிப்பவர் தேடுவது குதிரையின் பெயரை அல்ல: அது சுமக்கும் எடை, ஓட வேண்டிய தூரம், ஜாக்கி யார், முந்தைய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது. 1974இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் போட்டது. 1968இல் தானே பரிசுச்சீட்டு விற்கத் தொடங்கிய அரசு அது! 1986இல் எம்.ஜி.ஆர். அரசு மெட்ராஸ் ரேஸ் கிளப்பைக் கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 1986 சட்டத்தை ரத்து செய்தது; 1974 சட்டத்தின் தண்டனைப் பிரிவுகள் குதிரைப் பந்தயத்துக்குப் பொருந்தாது என்றது. குதிரையைக் கணித்துப் பணம் கட்டுவதும் திறமையே என்றது. கடைசியில் கிளப்பை வீழ்த்தியது சூதாட்டச் சட்டமல்ல, நிலக் குத்தகை. 2024 செப்டம்பரில் அரசு அதை ரத்து செய்து 160 ஏக்கரை எடுத்துக்கொண்டது.

போக்கர் இந்த வரிசையில் கடைக்குட்டி. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர் சொற்பக் கட்டணத்தில் இணையப் போட்டி ஆடித் தகுதி பெற்று, லாஸ் வேகாஸில் 25 லட்சம் டாலர் வென்றார். உலகெங்கும் இளைஞர்கள் கணினி முன் உட்கார்ந்தார்கள். இதில் தொழில்முறை ஆட்டக்காரரின் வேலை பெரும்பாலும் வகுத்தல் கணக்கு. கையிலும் மேசையிலுமாக நாலு ஆட்டின் இருக்கிறது, ஐந்தாவது வந்தால் ஜெயம், வர வேண்டியது ஒரே சீட்டு. பார்க்காத 46 சீட்டுகளில் ஆட்டின் 9. ஏறத்தாழ ஐந்தில் ஒரு வாய்ப்பு. 500 ரூபாய் கிடக்கும் மேசையில் 100 கட்டலாம். 300தான் கிடக்கிறதென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். ஒரு ராத்திரியில் இந்தக் கணக்கு பொய்க்கும். ஆயிரக்கணக்கான ஆட்டங்களில்தான் சம்பளம் தெரியும். அதுவரை தாங்கக் கையில் முதல் வேண்டும். பெரும்பாலோர் கவிழ்வது இங்கேதான்.

இந்தக் கணக்கு எல்லா நீதிபதிகளுக்கும் எடுபடவில்லை. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டம் என்றது. ரம்மிகூடத் தப்பவில்லை: மனமகிழ் மன்றங்களில் பணம் வைத்து ஆடுவது குற்றமே என்று 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிறகு ஆட்டம் கைப்பேசிக்குள் போனது. கடன், தற்கொலைச் செய்திகள் தொடர்ந்தன. 2021இல் தமிழகம் கொண்டுவந்த தடைச் சட்டம் அந்த ஆகஸ்டிலேயே ரத்தானது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த இரண்டாவது சட்ட மசோதாவை ஆளுநர் திருப்பியனுப்பினார். பேரவை மீண்டும் நிறைவேற்றியதும் 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து ரம்மியையும் போக்கரையும் விலக்கியது. 2025 தொடக்கத்தில் இணைய விளையாட்டுக்கான மாநில ஆணையம் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை காசு ஆட்டத்துக்குப் பூட்டுப் போட்டது.

அதே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்றே கேட்கவில்லை. இணையத்தில் பணம் கட்டி ஆடுவதா, தடை. நேரில் மேசை போட்டு ஆட விரும்புகிறவர்களுக்குக் கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பல்கள் இருக்கின்றன.