எண் மாறாத ஒரு ஸ்விட்ச்

ஓடிக்கொண்டிருக்கும் கார் திடீரென்று நின்றுவிடும். மறுபடி சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். மெக்கானிக்கிடம் கொண்டு போனால் அங்கே நிற்கவே நிற்காது! எப்போதாவது தலைகாட்டும் இந்த மாதிரிக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் ரொம்பவும் கஷ்டம். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இருந்த ஒரு கோளாறு முழுதாக வெளியே வர பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

சாவி போடும் இக்னிஷன் ஸ்விட்சுக்குள் ஒரு ஸ்பிரிங்கும் அது தள்ளும் சின்ன முனையும் உண்டு. சாவியை "ரன்" நிலையில் பிடித்து வைப்பது அதுதான். 2003 சாட்டர்ன் அயான், 2005 செவர்லே கோபால்ட் போன்ற கார்களில் அந்தப் பிடிப்பு தேவையான அளவு இல்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ முழங்கால் இடித்தாலோ சாவி நழுவிவிடும். இன்ஜின் நிற்கும், பவர் ஸ்டியரிங் போகும். எல்லாவற்றையும் விட மோசம், மோதினால் ஏர்பேக் விரியாது.

கோபால்ட் விற்பனைக்கு வந்த நாளிலேயே கம்பெனிக்குள் இது தெரியும். ஆனால் இது பாதுகாப்புப் பிரச்சினை அல்ல, வாடிக்கையாளருக்கு ஒரு அசௌகரியம், அவ்வளவுதான் என்று வகைப்படுத்திவிட்டார்கள். சாவிக்கொத்தில் கனமான பொருள்களை மாட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்படி 2005 டிசம்பரில் டீலர்களுக்கு ஒரு அறிவிப்பு போனது.

2006-ல் ஸ்விட்சின் உள்முனையை நீளமாக்க ஒரு பொறியாளர் ஒப்புதல் தந்தார். பிடிப்பு சரியானது. ஆனால் பாகத்தின் எண் மாறவில்லை! விளைவு? பழைய கார்களில் மட்டும் ஏன் விபத்து, புதியவற்றில் ஏன் இல்லை என்று கம்பெனியின் சொந்த விசாரணையாளர்களே குழம்பினார்கள். ஏடுகளைப் பார்த்தால் ஸ்விட்ச் மாறவே இல்லையே!

2010 மார்ச்சில் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு இளம்பெண் தன் கோபால்ட் காரில் இறந்தார். சில நாட்களுக்கு முன்புதான் இன்ஜின் நின்றுபோகிறது என்று காரை டீலரிடம் விட்டிருந்தார். அவர்கள் எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள்.

குடும்பம் வழக்குப் போட்டது. அவர்கள் தரப்புப் பொறியாளர் செய்தது எளிய காரியம். அதே எண்ணுள்ள புது ஸ்விட்ச் ஒன்றைச் சுமார் 30 டாலருக்கு வாங்கினார், பழையதையும் புதியதையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண் ஒன்று, பொருள் வேறு! அதிலிருந்துதான் எல்லாம் அவிழ்ந்தது.

2014-ல் உலகம் முழுவதும் சுமார் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. 2015-ல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்புக்கொண்டது. ஸ்விட்சைச் சரிசெய்ய ஆகியிருக்கும் செலவு கார் ஒன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு என்று அமெரிக்க காங்கிரஸ் விசாரணையில் பேசப்பட்டது.

கணக்கு ஏட்டில் ஒரு பதிவைச் சத்தமில்லாமல் திருத்தினால் அடுத்து வருபவருக்குத் தவறு எங்கே என்றே தெரியாது. இங்கே திருத்தம் சரியானதுதான். அதை எழுதி வைக்காததுதான் தவறு. அந்த ஒரு எண் மாறியிருந்தால், பழைய கார்களை வைத்திருந்தவர்களுக்கு எச்சரிக்கை பல வருடம் முன்பே போயிருக்கலாம்.